ஹாலில் சினிமா, அறையில் பாட்டு: ரிசீவரை கம்ப்யூட்டர் மூலம் இயக்கலாம்

கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து அதை டி.வி.யுடனும் ஸ்பீக்கருடனும் இணைக்க ஆசைப்படுவார்கள். ஹோம் தியேட்டர் ரிசீவர் இருக்கும் வீடுகளில் இன்னும் இரண்டு ஆசைகள் வரும். ஹாலில் படம் ஓடும்போதே வேறொரு அறையில் பாட்டுக் கேட்க வேண்டும். இரண்டையும் கம்ப்யூட்டரிலிருந்தோ மொபைலிலிருந்தோ கட்டுப்படுத்தவும் வேண்டும். இரண்டுமே முடியும். அதற்குத் தேவையான அடிப்படைகளை இங்கே பார்ப்போம்.

ஸோன் என்றால் என்ன?

ரிசீவரின் பின்புறத்தில் 'ஸோன் 2' என்று எழுதியிருந்தால், அது இரண்டாவது அறைக்கும் பாட்டு அனுப்பும் என்று பொருள். ஹால்தான் மெயின் ஸோன். 7.1 ரிசீவரில் ஏழு ஆம்ப்ளிஃபையர்கள் உள்ளே இருக்கும். அவற்றில் பின்பக்க ஸ்பீக்கர்களுக்கான இரண்டை மெனுவில் ஸோன் 2-க்கு ஒதுக்கலாம். அப்படி ஒதுக்கினால் ஹாலில் 5.1 ஒலிதான் கிடைக்கும். நடுத்தர அளவு ஹாலுக்கு அது தாராளம்.

வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். குறைந்த விலை மாடல்கள் பலவற்றில் ஹெச்.டி.எம்.ஐ. வழியாக வரும் ஒலி ஸோன் 2-க்குப் போகாது. சிவப்பு, வெள்ளை பின் உள்ள அனலாக் கேபிளில் வரும் ஒலியும், நெட்வொர்க் வழியாக வரும் பாட்டும்தான் போகும். எந்த இன்புட் எந்த ஸோனுக்குப் போகும் என்ற அட்டவணை மேனுவலில் இருக்கும். கடையில் பணம் கட்டும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஒருவழிப் பேச்சு, இருவழிப் பேச்சு

வேறு கம்பெனியின் கண்ட்ரோல் சிஸ்டத்தை ரிசீவருடன் இணைக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ரிமோட் போல அகச்சிவப்பு ஒளி அனுப்புவது. மலிவானது, ஆனால் ஒருவழிப் பேச்சு. நீங்கள் சொல்வது ரிசீவருக்குக் கேட்கும். கேட்டதா இல்லையா என்று அது பதில் சொல்லாது. பவர் சிக்னலை அனுப்பினால் அணைந்திருந்தது எரிந்ததா, எரிந்தது அணைந்ததா என்று சிஸ்டத்துக்குத் தெரியாது. பல கருவிகளை ஒரே ரிமோட்டில் இயக்கிய லாஜிடெக் ஹார்மனி ரிமோட்டுகள் பெரும்பாலும் இந்த முறையைத்தான் நம்பியிருந்தன. அவற்றின் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-ல் லாஜிடெக் அறிவித்தது.

இரண்டாவது, ஆர்.எஸ்.232 சீரியல் போர்ட். பழைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் ஒன்பது பின் கனெக்டர்தான் இது. மூன்றாவது, நெட்வொர்க். உங்கள் ரௌட்டரில் ரிசீவரும் இணைந்திருந்தால் போதும். இவை இரண்டும் இருவழிப் பேச்சு. கட்டளை கொடுக்கலாம், நிலவரமும் கேட்கலாம்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று எங்கள் வீட்டு உதாரணத்தில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஸோன் 2 என்பது அப்பாவின் அறை. முழங்கால் வலியால் அவர் ஹாலுக்கு வருவது குறைந்துவிட்டது. பழைய பாடல்கள்தான் அவருக்குத் துணை. ஹாலில் படம் முடிந்து யாராவது ரிசீவரின் பெரிய பவர் பட்டனை அழுத்தினால் அவர் கேட்டுக்கொண்டிருந்த பாட்டும் பாதியில் நின்றுவிடும். எழுந்து வந்து கேட்கவும் முடியாது, கூப்பிட்டுச் சொல்லவும் தயங்குவார். எனவே கண்ட்ரோல் சிஸ்டம் அமைக்கும்போது நான் முதலில் தேடியது அழகான திரையை அல்ல. ஒரு அறையை மட்டும் நிறுத்தும் கட்டளை இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

தனித்தனிக் கட்டளைகள்

டெனான், மராண்ட்ஸ் கம்பெனிகளின் நெட்வொர்க் ரிசீவர்கள் பலவற்றில் கட்டளைகள் சிறிய ஆங்கில எழுத்துத் தொடர்களாக இருக்கும். எல்லாம் பெரிய எழுத்துகள். நடுவில் இடைவெளி கூடாது.

* பி, டபிள்யூ, ஓ, என் – ரிசீவர் முழுவதையும் ஆன் செய்யும்.
* பி, டபிள்யூ என்ற எழுத்துகளுடன் 'ஸ்டேண்ட்பை' என்ற சொல் – எல்லா ஸோன்களையும் நிறுத்தும்.
* இஸட், எம், ஓ, எஃப், எஃப் – மெயின் ஸோனை மட்டும் நிறுத்தும்.
* இஸட், 2, ஓ, என் – ஸோன் 2-ஐ ஆன் செய்யும்.
* இஸட், 2, அடுத்து 40 – ஸோன் 2 வால்யூமை 40-ல் வைக்கும்.
* இஸட், 2, கேள்விக்குறி – ஸோன் 2-ன் நிலவரத்தைச் சொல்லும்.

இரண்டாவது கட்டளைக்கும் மூன்றாவது கட்டளைக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். 'படம் முடிந்தது' என்று நீங்கள் அமைக்கும் பட்டனில் இரண்டாவதைப் போட்டால் வீடு முழுவதும் அமைதியாகிவிடும். மூன்றாவதைப் போட்டால் ஹால் மட்டும் நிற்கும், அறையில் பாட்டு தொடரும்.

மற்ற கம்பெனிகளின் கட்டளைகள் வேறு. ஆன்கியோ நெட்வொர்க் ரிசீவர்கள் 60128 என்ற போர்ட்டிலும், யமஹாவின் பல மாடல்கள் 50000 என்ற போர்ட்டிலும் கட்டளை ஏற்கின்றன. டெனானில் இது 23, அதாவது வழக்கமான டெல்நெட் போர்ட்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. ரிசீவரின் மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று 'நெட்வொர்க் கண்ட்ரோல்' என்பதை 'ஆல்வேஸ் ஆன்' என்று மாற்றுங்கள். அப்போதுதான் ஸ்டேண்ட்பையில் இருக்கும்போதும் அது கட்டளையைக் கேட்கும். காத்திருக்கும்போது சற்று அதிக மின்சாரம் செலவாகும்.

2. அதே மெனுவில் ஐ.பி. முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். 192.168.1.20 என்பது போல இருக்கும்.

3. விண்டோஸில் டெல்நெட் வசதி மறைந்திருக்கும். கண்ட்ரோல் பேனலில் ப்ரோகிராம்ஸ் பகுதியில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்பதைக் கிளிக் செய்து, டெல்நெட் கிளையன்ட் என்பதை டிக் செய்யுங்கள்.

4. கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, டெல்நெட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு ஐ.பி. முகவரியைக் கொடுத்து என்டர் தட்டுங்கள்.

5. இப்போது இஸட், 2, கேள்விக்குறி டைப் செய்து என்டர் தட்டுங்கள். நீங்கள் டைப் செய்வது திரையில் தெரியாமல் போகலாம், பயப்பட வேண்டாம். ரிசீவரின் பதில் தெரியும்.

அடுத்து ரிசீவரின் வால்யூம் குமிழைக் கையால் திருப்புங்கள். கருப்புத் திரையில் புது எண்கள் தானாக வந்து விழும். யார் எங்கே எதை மாற்றினாலும் ரிசீவர் தானே வந்து சொல்கிறது. இருவழிப் பேச்சு என்றது இதைத்தான்.

பட்டனாக மாற்றுவது

தினமும் யாரும் கட்டளை டைப் செய்ய மாட்டார்கள். ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச ஓபன் சோர்ஸ் மென்பொருள் இதற்கு உதவும். 2013-ல் தொடங்கிய இந்த மென்பொருளை ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கம்ப்யூட்டரிலோ பழைய பி.சி.யிலோ இயக்கலாம். அதில் டெனான் ரிசீவரைச் சேர்த்துவிட்டு, ஆப்ஷன்ஸ் பகுதியில் ஸோன் 2-ஐயும் டிக் செய்தால் இரண்டு அறைகளும் இரண்டு தனி பிளேயர்களாகத் தெரியும். அப்பாவின் மொபைலில் அவர் அறைக்கான பட்டன்களை மட்டும் பெரிதாக வைத்துக் கொடுத்திருக்கிறேன். கூட்டவோ குறைக்கவோ அவர் இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை.

கவனிக்க வேண்டியவை

* ரௌட்டரில் ரிசீவருக்கு நிலையான ஐ.பி. முகவரியை ஒதுக்குங்கள். முகவரி மாறிவிட்டால் பட்டன்கள் வேலை செய்யாது.

* பல மாடல்கள் ஒரே நேரத்தில் ஒரு டெல்நெட் இணைப்பைத்தான் ஏற்கும். சோதனை முடிந்ததும் கருப்பு விண்டோவை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் டெல்நெட் வழியாக இணையும் வேறு மென்பொருள் உள்ளே நுழைய முடியாமல் போகலாம்.

* ஆன் செய்யும் கட்டளைக்குப் பின் ஒரு விநாடி விட்டு அடுத்த கட்டளையை அனுப்புங்கள். அவசரப்பட்டால் அது காணாமல் போகலாம்.

* மெனுவில் ஸோன் 2-க்கு 'வால்யூம் லிமிட்' வையுங்கள். 40-க்குப் பதில் 90 என்று தட்டிவிட்டால் தூங்குபவர் திடுக்கிட்டு எழுவார், ஸ்பீக்கரும் பாழாகலாம்.

* டெல்நெட்டில் பாஸ்வேர்டு பாதுகாப்பு கிடையாது. வெளியூரிலிருந்து இயக்கும் ஆசையில் ரௌட்டரில் 23-ம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

கட்டளைகளின் முழுப் பட்டியலை ரிசீவர் கம்பெனிகள் மாடல் வாரியாக பி.டி.எஃப். கோப்பாக வெளியிடுகின்றன. புதிய ரிசீவர் வாங்குமுன் அந்தக் கோப்பை டவுன்லோடு செய்து, ஒவ்வொரு ஸோனுக்கும் தனி ஆன், ஆஃப் கட்டளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால், எத்தனை வாட்ஸ் சக்தி இருந்தாலும் இரண்டு அறைகள் உள்ள வீட்டுக்கு அந்த ரிசீவர் ஒத்துவராது.