உங்களுக்குத் தெரியுமா? ஏறும் சக்கரம், தாவும் சக்கரம்!

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, ஏலக்காய் வாசனைக்கு நடுவே, கிடங்குச் சுவரில் சாய்ந்து நிற்குமே பழைய கறுப்பு 28 இன்ச் சைக்கிள்? அதன் ரிம், லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் 29 இன்ச் மவுண்டன் பைக்கின் ரிம்மை விடப் பெரியது! டயர் உட்காரும் இடத்தில் அளந்தால் தாத்தா வண்டி 635 மில்லிமீட்டர். புது வண்டி வெறும் 622!

அப்புறம் எப்படி அதற்கு 29 என்று பெயர்? கொழுத்த டயரையும் சேர்த்து அளந்த கணக்கு அது! டயரைக் கழற்றிவிட்டால், சாலைப் பந்தய சைக்கிளில் இருக்கும் அதே 622 தான்!

மவுண்டன் பைக்குக்கு முதலில் 26 இன்ச் சக்கரம் வந்தது எந்த ஆராய்ச்சியாலும் இல்லை. அமெரிக்காவில் பேப்பர் போடும் பையன்கள் ஓட்டிய பலூன் டயர் சைக்கிளின் அளவு அது! கலிஃபோர்னியா இளைஞர்கள் அந்தப் பழைய வண்டிகளைத் தூசி தட்டி எடுத்து மலையில் உருட்டிவிட்டார்கள். முதல் பந்தயம் நடந்த நாள் 1976 அக்டோபர் 21!

அந்தப் பந்தயத்தின் பெயர் 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடைப்பது'. ஏன் தெரியுமா? 3 கிலோமீட்டர் சொச்சத்தில் 1,300 அடி இறக்கம்! பின்சக்கர பிரேக்குக்குள் இருந்த கிரீஸ் சூட்டில் உருகிப் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த இளைஞர்களில் ஒருவரான கேரி ஃபிஷர் அங்கே போட்ட சாதனை நேரம் 4 நிமிடம் 22 நொடி!

இப்போது, நானே பேப்பரில் போட்டுப் பார்த்த கணக்கு! எதிரே 10 சென்டிமீட்டர் உயரப் படிக்கட்டு. முன்சக்கரத்தின் மேல் 40 கிலோ பாரம். நின்ற இடத்திலிருந்து அச்சைப் பிடித்துத் தள்ளி ஏற்ற வேண்டும். குட்டி பி.எம்.எக்ஸ் சைக்கிளின் 20 இன்ச் சக்கரத்துக்கு 53 கிலோ விசை தேவை. 26 இன்ச்சுக்கு 41. 29 இன்ச்சுக்கு 37.5 கிலோ போதும்! அதே படி, அதே பாரம். சக்கரம் வளர வளரப் படி தானாகத் தாழ்ந்து போகிறது!

அப்படியானால் பெரிய சக்கரம்தானே ராஜா? அங்கேதான் ஆச்சரியம்! உருண்டு ஏற 29. எகிறித் தாவ வேண்டுமா, சின்னச் சக்கரம்தான்! மண்மேட்டில் பறக்கும் 'டர்ட் ஜம்ப்' வண்டிகள் இன்றைக்கும் 26 இன்ச்சை விடவில்லை. உலகையே வாய் பிளக்க வைத்த ஸ்காட்லாந்தின் டேனி மெக்காஸ்கில், 2009 வீடியோவில் கூர்முனைக் கம்பி வேலியின் மேலே ஓட்டினாரே, அந்த வண்டியின் சக்கரம் வெறும் 24 இன்ச்!

பாறை விட்டுப் பாறை தாவும் 'டிரையல்ஸ்' வண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? பலவற்றில் சீட்டே கிடையாது! பெடல் அச்சும் சக்கர அச்சுகளை விட உயரத்தில் இருக்கும். 29 இன்ச் மலை வண்டியிலோ நேர் தலைகீழ். பெடல் அச்சு 3 சென்டிமீட்டருக்கு மேல் கீழே தொங்கும். ஒன்றில் வண்டிக்கு மேல் நிற்கிறீர்கள், இன்னொன்றில் வண்டிக்குள் நிற்கிறீர்கள்!

முன்சக்கரத்தைத் தூக்குவது கை பலம் என்றுதானே நினைக்கிறீர்கள்? பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்! தாவும் வண்டியில் சுமார் 39 சென்டிமீட்டர். காட்டுப் பாதை வண்டியில் சுமார் 44. தாவலை எளிதாக்குவது அந்த 5 சென்டிமீட்டர்!

1990-களின் பந்தய மலை வண்டியில் முன் ஃபோர்க் தரையோடு சேரும் கோணம் 71 டிகிரி. இன்றைய இறக்கப் பந்தய வண்டியில் 63! எட்டே டிகிரிதானே? 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு முன்சக்கரம் 10 சென்டிமீட்டர் முன்னால் போய் நிற்கும்! மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது ஹேண்டில்பாருக்கு மேலாகக் குட்டிக்கரணம் போடாமல் காப்பாற்றுவது இதுதான்.

மறுபடி சக்கரத்துக்கு வருவோம். 2012 லண்டன் ஒலிம்பிக் மவுண்டன் பைக் பந்தயம். ஸ்விட்சர்லாந்தின் நீனோ ஷூர்ட்டர் 27.5 இன்ச்சில். செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 இன்ச்சில். ஒன்றரை மணி நேரப் போராட்டம். தங்கம் 29-க்கு. வித்தியாசம் ஒரே ஒரு நொடி!

முன்னால் 29, பின்னால் 27.5 என்று ஜோடி சேராத சக்கரங்களோடு பந்தயம் ஓட உலக சைக்கிள் சங்கம் அனுமதித்தது எப்போது தெரியுமா? 2019! செங்குத்து இறக்கத்தில் பின்டயர் ஓட்டுபவரின் இடுப்புக்குக் கீழே உரசாமல் இருக்க இது ஒரு வழி!

நம் பக்கத்துக் கேரளம் சும்மா இருக்குமா? இந்தியாவில் முதல்முறையாக ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடியில்! 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை. பஸ்ஸில் போனாலே தலை சுற்ற வைக்கும் 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அதே மலை! பரிசோடு பரிசாகப் பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பும் காத்திருந்தது!

மட்டாஞ்சேரித் தாத்தா வண்டிக்கு வருவோம். ஃபோர்க்கின் கோணத்தை அளந்து பாருங்கள், 70-க்கும் கீழே! 90-களின் பந்தய மலை வண்டியை விடச் சாய்வு. அதே 10 சென்டிமீட்டர் படியில், அதே 40 கிலோ பாரத்தோடு அதையும் கணக்கில் ஏற்றினேன். 26 இன்ச் மவுண்டன் பைக்குக்கு 41 கிலோ விசை வேண்டும் என்றேன் அல்லவா? கேரியரும் மணியும் வைத்த அந்தக் கறுப்பு சைக்கிளுக்கு 39!