குப்பையும் ஸ்தல சுய ஆட்சியும்

ஓர் ஊர் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் யோக்கியதை உடையதா என்பதை அறிய, அதன் நகர சபையில் நிகழும் பிரசங்கங்களைக் கேட்க வேண்டுவதில்லை. ஊர் எல்லையிலுள்ள குப்பைமேட்டைப் பார்த்தாலே போதும்.

போடிநாயக்கனூர் வளர்ந்து வருகிறது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன ரயில், 2023 ஜூன் மாதம் அகலப் பாதையில் மீண்டும் வந்து சேர்ந்தது. ஏலக்காய் வியாபாரமும், மூணாறு செல்லும் பிரயாணிகளின் போக்குவரத்தும் ஊருக்குப் பொருள் தருகின்றன. இதனை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். எனினும் வளர்ச்சியின் எச்சம் எங்கே போகிறது என்று கேட்பதும் நமது கடமையாகும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நகரின் ஜனத்தொகை 75,000-க்கு மேல். தலைக்கு நாளொன்றுக்கு 350 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், தினம் 26 டன் குப்பை சேரும். வருஷத்திற்கு 9,000 டன்னைத் தாண்டும்.

இது போடிக்கு மட்டும் நேர்ந்த சங்கடமன்று. உலகத்து நகரங்கள் 2016-ஆம் ஆண்டில் 201 கோடி டன் குப்பையை ஈன்றன என்றும், 2050-இல் அது 340 கோடி டன் ஆகும் என்றும் உலக வங்கி 2018-இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. ஏழை நாடுகளின் நகர சபைகள் தங்கள் செலவில் சராசரி ஐந்திலொரு பங்கை இதற்கே கொட்டுகின்றன. அப்படியிருந்தும் குப்பை குன்றாக உயர்கிறது. கொழும்பு நகரின் மீத்தொட்டமுல்லையில், 2017 ஏப்ரல் 14-ஆம் தேதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, அத்தகைய குன்று ஒன்று சரிந்து வீடுகளை மூடிற்று. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். போடிமெட்டைத் தாண்டிச் செல்லும் நெடுஞ்சாலை போய் முடிகின்ற கொச்சியிலே, 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் பல நாள் நகரமே புகையில் திணறிற்று. காற்றுப் புகாமல் புதைந்து அழுகும் பொருள் எரிவாயுவை உண்டாக்குகிறது. அதனோடு பிளாஸ்டிக்கும் கலந்து கிடக்குமானால், ஒரு பொறி போதாதா?

2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவுகள் திருநெல்வேலி ஜில்லாவின் கிராமங்களில் கொட்டப்பட்டபோது தமிழர் கொதித்தெழுந்தனர். பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவின் பேரில் கேரளமே லாரிகளை அனுப்பி அவற்றை எடுத்துச் சென்றது. கோபம் நியாயமே. ஆனால் நமது சென்னை மாநகரம் செய்ததென்ன? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெருங்குடிப் பகுதியில், சுமார் 225 ஏக்கர் பரப்பில், பல பத்தாண்டுகள் தன் குப்பையைக் கொட்டிற்று. அயலூரான் நம் வாசலில் கொட்டினால் அக்கிரமம், நாம் நமது ஏரியில் கொட்டினால் நிர்வாகமா?

சட்டம் இல்லையென்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர சபைகளுக்குரிய பணிகளில் திடக்கழிவு நிர்வாகத்தைப் பெயர் சொல்லியே குறித்தது. வீடுதோறும் குப்பையை மக்குவது, மக்காதது, அபாயமானது என்று பிரித்துக் கொடுக்க வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் விதிகள் கட்டளையிட்டன. ஒரு முறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு சர்க்கார் 2019 ஜனவரி முதல் தடுத்தனர். சட்டம் ஏட்டில் இருக்கிறது. பிளாஸ்டிக் பை கடையில் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்க நாம் விரும்பவில்லை. 1882-இல் ஸ்தல சுய ஆட்சிக்கு வழி வகுத்த ரிப்பன் பிரபுவின் பெயரைத் தாங்கிய மாளிகையின் வாசலில், 2025 ஆகஸ்டில் துப்புரவுத் தொழிலாளர்கள் 13 நாள் அமர்ந்திருந்தனர். இரண்டு மண்டலங்களின் வேலையைத் தனியாரிடம் ஒப்படைத்ததை எதிர்த்தனர். முடிவில் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினர். நம் அழுக்கை அள்ளும் கைகளுக்கு நிலையான வேலையும் நியாயமான கூலியும் கொடாத நகரம் சுத்தத்தைப் பற்றிப் பேசுவது வெறும் பாசாங்கு.

போடிக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. இந்திய ஊர்களின் குப்பையில் ஏறக்குறையப் பாதி மக்கக்கூடியது. அதைத் தனியே சேர்த்தால் நம் மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் உரமாகும். கண்ணாடியும் பாலித்தீனும் கலந்துவிட்டால் எந்தக் குடியானவனும் தொடமாட்டான். பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கலந்து ஏற்றும் வழக்கத்தை நகர சபை எங்கும் அனுமதிக்கலாகாது. பொட்டிபுரம் முதலிய ஊராட்சிகளுக்குத் தனியே பெருஞ்செலவு செய்யச் சக்தியில்லை. அவை நகரத்தோடு சேர்ந்து உழைக்க ஏற்பாடு வேண்டும். கொட்டகுடி ஆறு வைகையோடு கலக்கிறது. வைகை நீரை மதுரை பருகுகிறது. நாம் இங்கே கரையில் எறிவது நம்மோடு நின்றுவிடுவதில்லை.

மலையைக் காக்கப் பொட்டிபுரத்தில் குரல் எழுப்பிய தேச ஊழியர்களுக்கு நாம் ஒன்று சொல்லுவோம். தமிழ்நாட்டு நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கின; கிராம சபைகளோ முன்னரே உள்ளன. அங்கே சென்று அமருங்கள். நேற்று எத்தனை டன் குப்பை வந்தது, அது எங்கே போயிற்று, அதை அள்ளியவருக்கு என்ன கூலி கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். விடை எழுத்து மூலம் கிடைக்கும் வரை எழுந்திராதீர்கள். அதே தினத்தில் உங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு கூடைகள் வைக்கப்பட்டிருக்கட்டும். தன் வீட்டில் செய்யாததைச் சபையில் கேட்பவனுக்கு மதிப்பிராது.