ஊரே சேர்ந்து காத்த இதயம்!

குழந்தைகளே... ஒருவருக்கு நோய் வந்தால் டாக்டர் மருந்து தருவார். ஒரு மாகாணமே நோயில் விழுந்தால் என்ன செய்வது? இதோ, நிஜமாக நடந்த கதை!

ஐரோப்பாவின் வடக்கே இருக்கும் நாடு, பின்லாந்து. அதன் கிழக்கு ஓரத்தில், ரஷ்ய எல்லையை ஒட்டி, காடுகளும் ஏரிகளும் நிறைந்த பகுதி, வடக்கு கரேலியா. காட்டிலும், வயலிலும் உழைத்த அந்த ஊர் ஆண்கள் நல்ல பலசாலிகள். ஆனாலும், 40, 50 வயதிலேயே பலர் மாரடைப்பால் இறந்தனர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்த பிள்ளைகள் பலர்.

இனியும் பொறுக்க முடியாது என்று, 1971ல் மாகாணப் பிரதிநிதிகள் அரசிடம் மனு கொடுத்தனர். 1972ல் திட்டம் தொடங்கியது. அதற்குத் தலைமை ஏற்ற டாக்டர் பெக்கா புஸ்கா, அப்போது இளைஞர்தான்!

அங்கே ரொட்டியில் வெண்ணெயைத் தடிமனாகப் பூசுவர். கொழுப்பு நீக்காத பாலைக் குடிப்பர். உப்பு அதிகம்; காய்கறி குறைவு. ஆண்களில் பாதிப் பேருக்குமேல் புகைபிடித்தனர். இதனால், ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிந்தது. அந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்தால், மாரடைப்புதான்!

'நோயாளிக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. ஊரின் பழக்கமே மாற வேண்டும்' என்று முடிவு செய்தார் புஸ்கா.

'மார்த்தா' என்ற பெண்கள் சங்கத்தினர், கொழுப்பைக் குறைத்து, காய்கறி சேர்த்துச் சமைத்துக் காட்டினர். இறைச்சி உணவு தயாரிப்பவர்கள், கொழுப்பைக் குறைத்துக் காளான் சேர்த்தனர். பால், வெண்ணெய் விற்பனை குறைந்தால் விவசாயிகள் பிழைப்பது எப்படி? அதற்கும் வழி கண்டனர். பெர்ரி பழங்களைப் பயிரிட உதவி கிடைத்தது. கொலஸ்ட்ராலை அதிகம் குறைப்பது யார் என்று கிராமங்களுக்குள் போட்டிகூட நடந்தது!

உங்களைப் போன்ற மாணவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 1978 முதல், பள்ளிகளில் மூத்த மாணவர்களே தம்பி, தங்கைகளுக்கு, 'சிகரெட்டை நீட்டினால் எப்படி மறுப்பது?' என்று பயிற்சி தந்தனர்.

பலன் என்ன தெரியுமா? 35 முதல் 64 வயதுள்ள ஆண்களில், முன்பு இதய நோயால் 100 பேர் இறந்தார்கள் என்றால், 2006ல் அது 15 ஆகக் குறைந்தது! புதிய சிகிச்சைகளும் உதவின. ஆனால், பெரும் பங்கு பழக்கங்கள் மாறியதற்கே.

குழந்தைகளே... இதயத்தைக் காக்கும் வேலை ஆஸ்பத்திரியில் அல்ல, அடுப்படியில் தொடங்குகிறது. தட்டில் காய்கறியை ஒதுக்காதீர்கள். ருசி பார்க்காமல் உப்பைத் தூவாதீர்கள். தினமும் ஓடி விளையாடுங்கள். நீங்கள் மாறினால் வீடு மாறும். வீடுகள் மாறினால் ஊரே மாறும்!