மூளையிலிருந்து காதுக்கு ஓர் இறங்குவழி
செவிச்செல்வம் – 7

“சத்தமெல்லாம் நல்லாத்தான் கேக்குது தம்பி. நாலு பேரு கூடிட்டா என்ன பேசுதாகன்னுதான் வெளங்க மாட்டேங்குது.”

நாகலாபுரம் பக்கம் வயதானவர்களிடம் காதைப் பற்றிப் பேச்செடுத்தால் அநேகமாக இப்படித்தான் சொல்வார்கள். திண்ணையில் மருமகள் மெல்லச் சொல்வது அவர்கள் காதில் விழுகிறது. சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச்சந்தைக்குப் போய்விட்டால் நிலைமை வேறு. ஆடுகளின் கத்தல், லோடு வண்டிகளின் ஹாரன், நாலாபக்கமும் பேரம். எதிரில் நிற்பவர் சொல்லும் விலை அந்த இரைச்சலில் கரைந்துவிடுகிறது. வீட்டிலோ, “வேண்டியது மட்டும் காதுல விழும்” என்று சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு அநியாயமான பேச்சு அது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

ஒலி காதிலிருந்து மூளைக்கு ஏறிப்போகும் பாதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே பாதையில் எதிர்த்திசையிலும் நரம்புகள் ஓடுகின்றன. மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு உட்காதுக்கு இறங்கும் இந்த நரம்புக் கற்றையை 1946இல் கிராண்ட் ராஸ்முசென் விவரித்தார். பத்து ஆண்டு கழித்து, 1956இல், ராபர்ட் கலம்போஸ் பூனைகளிடம் ஒரு சோதனை செய்தார். மூளைத்தண்டில் அந்தக் கற்றை ஓடும் இடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, செவி நரம்பில் எழுந்துகொண்டிருந்த சமிக்ஞைகள் அடங்கின. காது அனுப்பும் செய்தியைக் காதிலேயே குறைக்க மூளையால் முடியும் என்பது அப்போதுதான் தெளிவானது.

இது எப்படி நடக்கிறது? நத்தைக் கூடு வடிவில் இருக்கும் காக்ளியாவுக்குள் இரண்டு வகை மயிர்ச்செல்கள் உள்ளன. ஒவ்வொரு காதிலும் உள்வரிசையில் சுமார் 3,500; வெளிவரிசைகளில் சுமார் 12,000. மூளைக்குச் செய்தி அனுப்பும் வேலையை ஏறக்குறைய முழுவதும் உள்வரிசைச் செல்களே செய்கின்றன. வெளிவரிசைச் செல்கள் ஒலிக்கு ஏற்ப நீண்டும் சுருங்கியும் மெல்லிய ஓசையைப் பெருக்கித் தருகின்றன. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் தடித்த நரம்பிழைகள் வந்து முடிவது இந்த வெளிவரிசைச் செல்களில்தான். அங்கே அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, பெருக்கும் வேலையைத் தணிக்கின்றன. கண்மாய் மடையை ஏற்றி இறக்கி வயலுக்குப் போகும் நீரை அளவாக்குவதுபோல, மூளை உள்ளே வரும் ஒலியை அளவாக்குகிறது. மெல்லிய இழைகள் கொண்ட இன்னொரு கூட்டமும் இறங்கி வருகிறது. அது உள்வரிசைச் செல்களுக்கு அடியில், செவி நரம்பின் நுனிகளையே தொட்டு நிற்கிறது.

இதன் பயன் சந்தையில் தெரியும். ஓயாத இரைச்சல் செவி நரம்பைச் சளைக்க வைக்கிறது. சளைத்த நரம்புக்கு, நடுவில் வரும் ஒரு சொல்லைத் தனியே பிடித்துக் கொடுக்கத் தெம்பு இருக்காது. இறங்குவழி நரம்புகள் பின்னணி இரைச்சலுக்கான துடிப்பைத் தணிக்கும்போது ‘எட்டாயிரம்’ என்ற சொல் மேலெழுந்து கேட்கிறது. வயது ஏற ஏற இந்தத் தணிப்பு வலுவிழக்கிறது, மயிர்ச்செல்களும் குறைகின்றன. இரண்டும் சேரும்போதுதான் அந்தப் பெரியவருக்குச் சத்தம் கேட்டும் பேச்சு விளங்குவதில்லை. அவர் கவனிக்காமல் இருக்கவில்லை. நம்மைவிட அதிகமாகப் பாடுபட்டுக் கேட்கிறார்.

இந்த நரம்புகள் வேலை செய்வதை வலியில்லாமல் அளக்கவும் முடியும். வெளிவரிசைச் செல்கள் இயங்கும்போது காதிலிருந்தே மிக மெல்லிய ஒலி வெளிவருகிறது. 1978இல் டேவிட் கெம்ப் இதைக் கண்டுபிடித்தார். இன்று பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் ஓ.ஏ.இ. பரிசோதனைக்கு அதுவே அடிப்படை. ஒரு காதில் இந்த ஒலியை அளந்தபடி மறு காதில் இரைச்சலைக் கொடுத்தால், அளவு ஓரிரண்டு டெசிபல் இறங்கும். ஒரு காது கேட்டதை வைத்து மூளைத்தண்டு மறு காதைத் திருத்துகிறது.

தாய்மார்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. சில குழந்தைகளுக்கு வெளிவரிசைச் செல்கள் நன்றாக இருந்தும் செவி நரம்பு சரியாகச் செய்தி அனுப்பாது. ஓ.ஏ.இ. பரிசோதனையில் தேறிவிடும் இந்தக் குழந்தைகளை, மூளைத்தண்டு வரை அளக்கும் பெரா பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கும், கடும் மஞ்சள் காமாலை கண்ட குழந்தைக்கும் பெரா செய்யச் சொல்லிக் கேளுங்கள். முதல் பரிசோதனையில் தேறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

தணிக்கும் நரம்புகள் இருக்கும்போது சத்தத்துக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்கலாம். அவை விழித்துக்கொள்ளவே சில பத்து மில்லி விநாடிகளாவது ஆகும். வெடியின் அதிர்ச்சியோ அதற்குள் காதைத் தாக்கி முடித்துவிடும். அம்மன் கோயில் பொங்கலுக்கு மூன்று நாளும் அலறும் குழாய் ஒலிபெருக்கிக்கும் நூற்பாலை இரைச்சலுக்கும் இந்தத் தணிப்பு போதாது. மனிதக் காதில் செத்த மயிர்ச்செல் மறுபடி முளைப்பதில்லை. ஆலையில் காதடைப்பான் போடுவது தொழிலாளியின் விருப்பம் அல்ல, அவருடைய உரிமை. ஒலிபெருக்கியைக் குடியிருப்புப் பக்கம் திருப்பாமல் வைப்பதும், இரவு 10 மணிக்கு நிறுத்துவதும் ஊரின் கடமை. இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் சொல்கின்றன.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகள் இன்று நம் கிராமத்துப் பள்ளிகளுக்கும் வருகிறார்கள். அந்தக் கருவி மயிர்ச்செல்களைத் தாண்டி நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. அதனால் மயிர்ச்செல்களின் மேல் மூளைத்தண்டு செலுத்தும் திருத்தம் அந்தக் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. கூச்சலான வகுப்பறை அதற்கு நம்மைவிடப் பலமடங்கு கடினம். ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையை முதல் வரிசையில், உங்கள் முகம் தெரியும்படி, கடகடக்கும் மின்விசிறிக்கு விலகி உட்கார வையுங்கள். நரம்பால் முடியாததை ஒரு பெஞ்சை நகர்த்தி நீங்கள் செய்துவிட முடியும்.

(அடுத்த வாரம்: காதில் ஓயாத இரைச்சல் ஏன் எழுகிறது?)