பழைய வண்டிக்கு நீட்டித்த உத்தரவாதம் வேண்டுமா?

மாதச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கக் கடைக்குச் செல்கிறார் ஒரு குடும்பத் தலைவர். வேலைக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், ஞாயிறு திருப்பலிக்குச் செல்லவும் அந்த ஒரு வண்டிதான் வீட்டாருக்குத் துணை. விலை பேசி முடிந்ததும் விற்பனையாளர் ஒரு தாளை நீட்டுகிறார். "இன்னும் சில ஆயிரம் கட்டினால் ஓராண்டுக்கு வாரண்டி தருகிறோம். பழைய வண்டி அல்லவா சார்! பின்னால் வருத்தப்படக் கூடாது" என்கிறார். கட்டாவிட்டால் எஞ்சின் பழுதாகிவிடுமோ என்னும் அச்சம் ஒருபுறம்; கட்டினால் பணம் வீணாகுமோ என்னும் ஐயம் மறுபுறம். வாங்க வந்தவர் திகைத்து நிற்கிறார்.

இத்தகைய நிலை நம் குடும்பங்களில் யாருக்கும் நேரலாம். அச்சத்தில் எடுக்கும் முடிவு நன்முடிவாக அமைவது அரிது. ஆகவே, கையெழுத்திடுமுன் சிந்திக்க வேண்டியவற்றை இங்கே காண்போம்.

காப்பீடு வேறு, உத்தரவாதம் வேறு

இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்கை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீட்டை, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. அதை விடுவதற்கு நமக்கு உரிமையில்லை. உத்தரவாதமோ, வண்டியின் உறுப்பு தானாகப் பழுதுபட்டால் சீர்செய்து தருவதாக அளிக்கப்படும் வாக்குறுதி. அதைப் பெறுவதும் விடுவதும் நம் விருப்பம்.

உத்தரவாதத்திலும் இரு வகை உண்டு. ஒன்று, வண்டியைத் தயாரித்த நிறுவனமே நீட்டித்துத் தருவது. முதல் உரிமையாளர் அதைப் பெற்றிருந்தால், எஞ்சிய காலம் நம் பெயருக்கு மாறுமா என விசாரித்தல் வேண்டும். மற்றது, பழைய வண்டி விற்பவரோ வேறொரு நிறுவனமோ தருவது. இதன் மதிப்பு தருபவரின் நாணயத்தைப் பொறுத்தது. பழுது பார்க்கும் நிலையம் நம் ஊருக்கு அருகில் உள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

எது சேரும், எது சேராது?

தாளின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பதைவிட, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதே முக்கியம். டயர், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், செயின், கேபிள், பல்பு ஆகிய தேயும் பொருள்கள் பெரும்பாலும் உத்தரவாதத்தில் சேர்வதில்லை. பழைய வண்டியில் அடிக்கடி செலவு வைப்பவையோ இவைதாம்! எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும்; அவை பழுதாவது அரிது, பழுதானால் செலவு பெரிது.

நிபந்தனைகளும் உண்டு. குறித்த காலத்தில், அவர்கள் சொல்லும் நிலையத்திலேயே சர்வீஸ் செய்து ரசீதுகளைக் காட்ட வேண்டியிருக்கும். தெருக்கோடி மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தால் உத்தரவாதம் செல்லாமற் போகலாம். வாங்கும்போதே இருந்த பழுது என்று கூறி மறுப்பதும் உண்டு. ஆகவே, அந்தச் சர்வீஸ் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வண்டியின் வகை

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியை எந்த மெக்கானிக்கும் சீர்செய்வார். அதற்கு உத்தரவாதம் அவ்வளவாகத் தேவைப்படாது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி அமைந்த பெரும்பாலான வண்டிகளில், பெட்ரோல் செலுத்துவதை மின்னணுக் கருவியும் சென்சார்களும் கட்டுப்படுத்துகின்றன. இவை கெட்டால் பெரும்பாலும் புதிதாக மாற்றவே நேரும், செலவும் மிகுதி. இத்தகைய வண்டிக்கு, மின்னணு உறுப்புகளும் சேருமாயின், உத்தரவாதத்தைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டுக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு: உத்தரவாதத்தின் விலை 4,000 ரூபாய், பெரும்பழுது வந்தால் செலவு 12,000 ரூபாய் எனக் கொள்வோம். அவ்வாண்டில் மூன்றில் ஒரு பங்கு வண்டிகளுக்கேனும் அத்தகைய பழுது வந்தால்தான் கட்டிய தொகை ஈடாகும். விற்பவர் தம் செலவும் ஆதாயமும் போகத்தான் பழுது பார்த்துத் தருகிறார். ஆகவே வாங்குவோர் அனைவரும் கட்டிய தொகை முழுவதும் அவர்களுக்குத் திரும்புவதில்லை. இது ஏமாற்று அன்று, வணிகத்தின் இயல்பு.

ஆயினும், திடீரென 12,000 ரூபாய் தேவைப்பட்டால் நகையை அடகு வைக்கவோ வட்டிக்கு வாங்கவோ நேரும் குடும்பத்திற்கு, 4,000 ரூபாய் கொடுத்து அந்த ஆபத்தைத் தவிர்ப்பது அறிவீனமாகாது. தாங்கக்கூடிய குடும்பமோ, அதே தொகையை வங்கியிலோ அஞ்சலகத்திலோ பழுது நிதியாகப் போட்டு வைக்கலாம். பழுது வராவிடில் பணம் நம்முடையதே.

முதலில் செய்ய வேண்டியது

எந்த உத்தரவாதமும் கெட்ட வண்டியை நல்ல வண்டியாக்காது. எனவே, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து வண்டியைக் காட்டுங்கள். எஞ்சின் குளிர்ந்த நிலையில் எளிதாகக் கிளம்புகிறதா? நீலப் புகை வருகிறதா? நீலப் புகை, ஆயில் எரிவதற்கு அடையாளம். சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துள்ளனவா? கடன் நிலுவை உண்டா? இவற்றைப் பார்த்த பின்னரே உத்தரவாதப் பேச்சு.

வாய்மொழி வாக்குறுதி எதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னர் மறுத்தால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்; மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம்.

நாம் தொடக்கத்தில் கண்ட குடும்பத் தலைவர் இனித் திகைக்க வேண்டியதில்லை. "தாளைக் கொடுங்கள்; வீட்டில் படித்துப் பார்த்து, கலந்து பேசி, நாளை வருகிறேன்" என்று அவர் சொல்லலாம். "இன்று மட்டும்தான் இந்த விலை" என்று விற்பவர் அவசரப்படுத்துவாராயின், விழிப்பாயிருக்க அதுவே போதிய காரணம்.