மழைக்கு நின்ற ரிக் வண்டி

1997-ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான நாமக்கல்லைச் சேர்ந்த திருச்செங்கோட்டிலிருந்து, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் பாரத தேசத்தின் பல திக்குகளுக்கும் பிரயாணம் செய்கின்றன. துளையிடும் யந்திரத்தைத் தாங்கியது ஒரு லாரி. இரும்புக் குழாய்களையும் டீசலையும் அரிசி மூட்டையையும் சுமந்து பின்தொடர்வது மற்றொரு லாரி. இவற்றோடு செல்லும் தொழிலாளருக்கு மாதக்கணக்கில் இவையே வீடு.

கோடையில் இரவு பகலாகக் கருங்கல்லைத் துளைக்கும் இவ்வாகனங்களில் மகாராஷ்டிரத்துக்குச் சென்றவை, ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை அங்குள்ள கரிசல் பூமியை நனைத்ததும், வயலில் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடுமாதலால், ஏதேனும் ஒரு சிற்றூரின் சாலையோரத்தில் நின்றுவிடுகின்றன. கிணறுகளில் நீர் ஊறும் காலத்தில் புதிதாகத் துளையிட அழைப்பாரும் குறைவு. லாரிகளுக்கிடையே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் கீழ் அடுப்பில் புளிக்குழம்பு கொதிக்க, நனைந்த சட்டைகள் குழாய்களின்மேல் ஈரம் உலராமல் கிடக்க, பாஷை தெரியாத ஊராரோடு கையசைவாலும் புன்னகையாலும் பேசிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி தொழிலாளர் கழிக்கும் அந்த நாட்கள் மிக நீண்டவை. வறண்ட கிணற்றை எட்டிப் பார்த்து மழைக்கு ஏங்கி வளர்ந்த நம் சீமைப் பிள்ளைகள், அயலூரில் மழை விடவேண்டுமென்று காத்திருப்பதை நினைக்கையில் நெஞ்சம் நெகிழ்கிறது.

மழை மேலும் நீடித்தால், வண்டிகள் பல ஊர் திரும்பிப் பட்டறை வாசலில் பழுதுபார்க்க நிற்கும்.