கட்டத்தில் அடங்காத முகவரி

"என்னம்மா, நம்ம ஊரு பின்கோடே தப்புங்குது?"

எதிர் குவார்ட்டர்ஸ் மாமா போனை என்னிடம் நீட்டினார். துபாயில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்புகிறார். அதற்காக ஏதோ ஒரு வலைத்தளத்தில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். பின்கோடு கேட்கும் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு. கீழே, 'சரியான எண்ணைத் தரவும்' என்று ஒரு வரி. முப்பத்தைந்து வருஷமாக அவர் கடிதங்களில் எழுதிவரும் எண்தான் அது: 620 014, கைலாசபுரம்.

"நாலு தடவை பார்த்துட்டேன். கைதான் நடுங்குது போல. நீயே அடிச்சுக் குடும்மா."

பாய்லர் குழாய்களை வெல்டிங் செய்த கை அது. நடுங்கும் கை இல்லை. கட்டத்தை உற்றுப் பார்த்தேன். அதில் நின்றது '620 01'. கடைசி 4 உள்ளே போகவே இல்லை.

காரணம் இதுதான். படிவத்தை எழுதியவர், 'இந்தக் கட்டத்தில் ஆறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது' என்று வரம்பு வைத்திருக்கிறார். மாமா, நம் ஊரில் எல்லோரும் உறைமேல் எழுதுவதுபோல மூன்று எண்ணுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டார். கணினிக்கு இடைவெளியும் ஓர் எழுத்து. அதையும் சேர்த்து ஆறு முடிந்துவிட்டது. ஏழாவதாக வந்த 4-ஐ சத்தமில்லாமல் தள்ளிவிட்டு, பிறகு 'எண் தவறு' என்று மாமாவையே குற்றம் சொல்கிறது.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் நடைமுறைக்கு வந்தது. முதல் மூன்று எண்கள் எந்தப் பகுதி என்று சொல்லும். கடைசி மூன்று எந்த அஞ்சலகம் என்று சொல்லும். நடுவில் இடைவெளி விட்டு எழுதும் பழக்கம் அதனால்தான் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தை மதித்து, இடைவெளியோடு வாங்கிக்கொண்டு உள்ளே அதை நீக்கிவிட நிரலில் ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால் ஒரு மனிதர் தன் கையைச் சந்தேகப்பட்டார்.

பதினான்கு வருஷமாக எனக்குச் சோறு போடும் தொழிலே வலைப்பக்கங்களில் இந்தக் கட்டங்களையும் பொத்தான்களையும் செய்வதும், ஓடாதவற்றைச் சரிசெய்வதும்தான். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: படிவம் உங்களை ஏற்க மறுத்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது படிவத்தை.

பழுது தேடும் வித்தையை நான் கற்றது கல்லூரியில் இல்லை, அப்பாவிடம். 1965-ல் தொடங்கிய திருச்சி பெல் (BHEL) பாய்லர் ஆலையில் அவர் வெல்டிங் தரச் சோதனைப் பிரிவில் இருந்தார். அங்கே ஹைட்ரோ டெஸ்ட் என்று ஒன்று உண்டு. செய்து முடித்த பாகத்தில் தண்ணீரை நிரப்பி, அது தாங்க வேண்டிய அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றி, ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள். அப்பா சொல்வார்: "சொட்டுற எடத்துலதான் ஓட்டைன்னு நெனைக்காத. தண்ணி எங்கேயோ கசிஞ்சு, குழாய் மேலயே ஓடிவந்து, வேற எடத்துல சொட்டும். எது வரைக்கும் காஞ்சு இருக்கு, எங்கேருந்து ஈரம்னு பாரு."

படிவத்திலும் அப்படியே. நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் மூன்று இடங்களைத் தாண்டுகிறது. முதலில் உங்கள் உலாவி. அடுத்து, இணையம் வழியே பயணம். கடைசியில், தூரத்தில் எங்கோ இருக்கும் சர்வர். எந்த இடம் வரை எழுத்து முழுசாக வந்தது என்று பார்த்தால் பழுது பிடிபட்டுவிடும். கணினியில் உலாவியைத் திறந்து, படிவத்தின்மேல் மவுஸின் வலது பொத்தானைக் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தொட்டால், பக்கத்தின் உள்ளுறுப்பு தெரியும். 'நெட்வொர்க்' பகுதியில், அனுப்பிய தகவல் அப்படியே வரிசையாக நிற்கும்.

பொத்தானை அழுத்துகிறோம், ஒன்றுமே நடக்கவில்லை. எல்லோரும் பார்த்திருப்போம். அதற்குப் பல காரணங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு பலகை பொத்தானின்மேல் படுத்திருக்கலாம். நம் விரல் அதைத்தான் தொடுகிறது. இன்னொன்று இன்னும் மோசம். 'கட்டாயம் நிரப்ப வேண்டும்' என்று குறித்த ஒரு கட்டத்தைத் திரையில் மறைத்து வைத்துவிட்டு, அந்தக் குறியை எடுக்க மறந்திருப்பார்கள். உலாவி அந்தக் கட்டம் காலியாக இருப்பதைக் கண்டு அனுப்ப மறுக்கும். ஆனால் மறைந்திருக்கும் கட்டத்தைச் சுட்டிக்காட்ட முடியாமல் வாயடைத்து நிற்கும். நாம் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்போம். வேறு சில படிவங்களில் எல்லாம் போய்ச் சேரும், ஒரே ஒரு பதில் மட்டும் சேராது. நிரலில் அந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் கொடுக்க மறந்திருப்பார்கள். பெயர் இல்லாத கட்டத்தை உலாவி அனுப்புவதில்லை.

மாமாவின் பின்கோட்டை இடைவெளி இல்லாமல் அடித்தேன். சிவப்பு போனது. அடுத்த சிவப்பு வந்தது: 'குடும்பப் பெயர்'.

மாமாவுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். இனிஷியலைப் போட்டார், 'குறைந்தது மூன்று எழுத்து வேண்டும்' என்றது. புள்ளி வைத்துப் பார்த்தார். 'எழுத்துகள் மட்டுமே' என்றது. அடுத்து அவர் தன் பெயரையே இரண்டாம் தடவை எழுதப் போனார். நான் தடுத்தேன். இப்படி ஒவ்வொரு படிவத்துக்கும் ஒவ்வொரு விதமாக எழுதித்தான் ஆதாரில் ஒரு பெயர், பான் கார்டில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர் என்று நம்மவர்கள் அலைகிறார்கள்.

இது சின்னத் தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. சில நாட்களில், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. திருச்சி விமான நிலையத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகும் குடும்பங்கள் அந்த நாட்களில் பட்ட கவலை எனக்குத் தெரியும். வலைத்தளத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே, உலகில் பெயர்கள் எத்தனை விதம் என்று விளக்கி ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. முடிந்த இடத்தில் 'முழுப்பெயர்' என்று ஒரே கட்டம் வையுங்கள் என்பது அதன் யோசனை. இந்தோனேசியாவிலும் ஒற்றைப் பெயர்க்காரர்கள் ஏராளம். நாம் விதிவிலக்கு அல்ல, பெரிய கூட்டம்.

மூன்றாவது பழுது என் சொந்தக் கை செய்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய வாடகை நூலகத்துக்கு உறுப்பினர் பதிவேடு செய்து கொடுத்தேன். எல்லாம் தமிழில். தேடும் கட்டத்தில் 'ஸ்ரீரங்கம்' என்று அடித்தால், அந்த ஊர் உறுப்பினர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். மீதிப் பேரின் முகவரியிலும் அதே சொல் அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. நூலகத்து அக்கா, "நான்தான் தப்பாப் பதிஞ்சிட்டேன் போல" என்றார். மறுபடியும் அதே சந்தேகம்!

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் ஒவ்வோர் எழுத்தின் யூனிகோடு எண்ணையும் வரிசையாக அச்சிட்டபோதுதான் தெரிந்தது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை இரண்டு விதமாகக் கணினியில் சேமிக்கலாம். 'ஸ' எழுத்தில் தொடங்குவது பழைய வழி. 2005-ல் யூனிகோடில் 'ஶ' என்ற தனி எழுத்து சேர்ந்த பிறகு, அதில் தொடங்குவது இன்னொரு வழி. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே உருவம். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொல். ஒருவர் போன் ஒரு விதமாகப் பதியும், இன்னொருவர் போன் வேறு விதமாகப் பதியும். 'கௌரி' என்ற பெயரிலும் இதே கதை: ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் 'ள' எழுத்தும் போட்டு அடிப்பவர்கள் பலர். பதியும்போதும் தேடும்போதும் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும்படி எழுதினேன். எல்லா உறுப்பினர்களும் வந்துவிட்டார்கள்.

எழுத்து எண்ணிக்கையும் அப்படித்தான். 'கைலாசபுரம்' நம் கணக்கில் 6 எழுத்து. யூனிகோடு கணக்கில் 10 குறிகள்; இணையத்தில் பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் 30 பைட். 'திருச்சிராப்பள்ளி' 9 எழுத்து, 17 குறிகள், 51 பைட். ஆங்கிலத்தை மனதில் வைத்து '40 போதும்' என்று யாரோ குறித்த இடத்தில் நம் முகவரி பாதியில் அறுபடுவது இதனால்தான்.

படிவம் நிரப்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. சிவப்பு வந்தால் இடைவெளியையும் புள்ளியையும் எடுத்துப் பாருங்கள். வேறு உலாவியில் திறந்து பாருங்கள். அப்படியும் ஏற்காவிட்டால் பொய்ப் பெயரை எழுதாதீர்கள். திரையைப் படமெடுத்து, 'உங்கள் படிவம் என் பெயரை ஏற்கவில்லை' என்று எழுதி அனுப்புங்கள். படிவம் செய்கிற தம்பி தங்கைகளிடம் கேட்பது ஒன்றுதான்: 'தவறு' என்று மட்டும் சொல்லாதீர்கள். எது, ஏன், எப்படி எழுதினால் சரி என்று தமிழில் சொல்லுங்கள். ஒரு நாளாவது, நிரப்புகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பாருங்கள்.

மாமாவின் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து, வலைத்தளத்தின் உதவி எண்ணில் பேசி, அன்று மாலைக்குள் படிவத்தை முடித்தோம். கிளம்பும்போது கேட்டார்: "அப்ப தப்பு என்மேல இல்லியா?"

"இல்ல மாமா."

இப்போது நான் செய்யும் எந்தப் படிவத்தையும் வெளியே விடுமுன் ஒரு முகவரியை அதில் அடித்துப் பார்க்கிறேன். புள்ளியோடு ஓர் இனிஷியல், ஒற்றைப் பெயர், ஊர் ஸ்ரீரங்கம், இரண்டு விதமாகவும். பின்கோடு 620 014, நடுவில் இடைவெளியோடு. நான்கையும் கசியாமல் தாங்கினால்தான் அனுப்புகிறேன். அப்பாவிடம் சொன்னேன், இதுதான் என் ஹைட்ரோ டெஸ்ட் என்று. "எத்தனை மடங்கு ஏத்துறே?" என்று கேட்டார்.